மூளைக்குப் பாயும் வாய்க்கால்



பாகூர் ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? தென்பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியாக இதனை வந்தடைகிறது. ஏரியின் மதகுகளிலிருந்து கிளை வாய்க்கால்கள் பிரிந்து வயல்களுக்குச் செல்கின்றன. ஒரு கிளை வாய்க்கால் அடைபட்டால் கடைமடை வயல் காய்கிறது. கரை உடைந்தாலோ அருகிலுள்ள வயல் மூழ்குகிறது. அப்பாலுள்ள வயலுக்கும் நீர் போய்ச் சேருவதில்லை. மூளையிலும் இவ்விரண்டும் நிகழ்வதுண்டு. இதனையே பக்கவாதம் என்கிறோம். பெரியவர்கள் ‘பாரிச வாயு’ என்பார்கள். உண்மையில் வாயுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ, உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் உடலுக்குத் தேவையான ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே பயன்படுத்திக்கொள்கிறது. சேமித்து வைக்கவும் அதனால் இயலாது. பயிர் சில நாள் வாடித் தாங்கும். இரத்தம் நின்றால் மூளை அணுக்கள் சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகின்றன.

அடைப்பும் கசிவும்

பக்கவாதம் இரு வகைப்படும். பெரும்பாலோருக்கு வருவது அடைப்பு வகை. கொழுப்பு படிந்து குறுகிய தமனியில் இரத்தம் உறைந்து வழியை மூடுகிறது. சிலருக்கு இதயத்தில் உருவான இரத்தக் கட்டி மிதந்து வந்து மூளைத் தமனியில் சிக்கிக்கொள்கிறது. இரண்டாவது, கசிவு வகை. நாட்பட்ட உயர் இரத்த அழுத்தத்தால் நலிந்த தமனி வெடித்து இரத்தம் மூளைக்குள் பரவுகிறது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், மிகுந்த கொழுப்பு, சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

தமனி சற்றே குறுகினால் என்ன என்று கேட்கிறீர்களா? பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய் 1840களில் வெளியிட்ட விதியை நினைவுகூருங்கள். குழாயில் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கிற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் பாய்வு பாதியாகாது. அதே அழுத்தத்தில் 1/16 பங்காகிவிடும்! தமனி மீள்தன்மையுடையது, ஆகவே கணக்கு அப்படியே பொருந்தாது. எனினும் ஆபத்தின் அளவு விளங்கும்.

அறிகுறிகள்

மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. வலப்பக்கம் இடப்பக்கத்தை இயக்குகிறது. ஆகவே அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில், திடீரெனத் தோன்றும். சிரிக்கச் சொன்னால் வாய் கோணும். இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழும். பேச்சு குழறும். பார்வை மங்குதல், தள்ளாட்டம், தாங்கவொண்ணாத் தலைவலி ஆகியவையும் வரலாம். 1984இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சிறுநீரக நோயோடு பக்கவாதத்திற்கும் ஆளானார். நியூயார்க்கில் சிகிச்சை பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பினார். ஆனால் பேச்சு பழையபடி தெளிவாக வரவில்லை.

சில நிமிடங்களில் அறிகுறி தானே மறைந்தாலும் நிம்மதி அடையக்கூடாது. அது எச்சரிக்கை மணி.

ஏன் காத்திருக்கக்கூடாது?

அடைப்புக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் அதைச் செலுத்த வேண்டும். ஆனால் கசிவுக்கு அதே மருந்து நஞ்சாகும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, சி.டி. ஸ்கேன் தேவை. எக்ஸ் கதிரைப் பல கோணங்களில் செலுத்திக் கணக்கிட்டுப் படம் அமைக்கும் கருவி இது. இதற்காகப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டும் இயற்பியலாளர் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆகவே வீட்டில் மாத்திரை கொடுக்கக்கூடாது. சோடாவோ கஞ்சியோ புகட்டக்கூடாது. விழுங்கும் ஆற்றல் குறைந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெய் தேய்ப்பதிலும் புறா இரத்தம் பூசுவதிலும் நேரம்தான் வீணாகும். பெரிய தமனி அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். பாகூரிலிருந்து புதுச்சேரி நகரம் சுமார் 20 கிலோமீட்டர்தான். பயணத்தைவிட, ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்னும் தயக்கமே அதிக நேரத்தை விழுங்குகிறது.

அப்பா அம்மா வேலைக்குச் சென்றபின், தாத்தாவோடு வீட்டில் இருப்பவர் நீங்களாக இருக்கலாம். முகம், கை, பேச்சு மூன்றையும் சோதியுங்கள். ஒன்று பிசகினாலும் 108ஐ அழையுங்கள். அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுள் அதுவும் ஒன்று.