அசித் தத்துவம்

சித்து, அசித்து, ஈச்வரன் என்னும் மூன்றனுள் ஜீவனைப் பற்றியும் எம்பெருமானைப் பற்றியும் கேட்பதில் எழும் ஆர்வம், மண்ணையும் நீரையும் பற்றிக் கேட்பதில் பலருக்கு எழுவதில்லை. ஆயினும் மனிதன் 'நான்' என்று பிழையாகச் சுட்டிக்கொள்ளும் உடல் அசித்தே ஆகும். அதன் இயல்பு தெரியாதவனுக்கு ஏனைய இரண்டும் தெளிவாக விளங்கா.

அறிவு இன்மையும், மாறுதலுக்கு இடமாயிருத்தலும் அசித்தின் இலக்கணம். பிள்ளை லோகாசாரியர் தத்வத்ரயத்தில் இதனைச் சுத்த ஸத்வம், மிச்ர ஸத்வம், ஸத்வ சூன்யம் என மூன்றாக வகுத்தருளினார். ஸத்வ சூன்யம் என்பது காலம். சுத்த ஸத்வம் ரஜஸ்ஸும் தமஸ்ஸும் கலவாதது. பரமபதத்துத் திருமாமணி மண்டபம் முதலியன அதனால் ஆனவை. அது ஜடமா, அஜடமா என்பதில் ஆசாரியர்களிடையே இருவேறு திருவுள்ளம் உண்டு. இங்கு விசாரிக்கப்படுவது முக்குணமும் கலந்த மிச்ர ஸத்வமாகிய ப்ரக்ருதி.

ப்ரக்ருதியிலிருந்து மஹான், மஹானிலிருந்து அஹங்காரம். ஸாத்விக அஹங்காரத்தினின்று மனத்தோடு கூடிய 11 இந்திரியங்களும், தாமஸ அஹங்காரத்தினின்று 5 தன்மாத்திரைகளும் 5 பூதங்களும் தோன்றும். ராஜஸ அஹங்காரம் இரண்டு வழிக்கும் துணை நிற்கும். ஆகத் தத்துவங்கள் 24. தன்மாத்திரை என்பது பூதத்தின் நுண்ணிய முன்நிலை. பால் பாலாகவும் இன்றித் தயிராகவும் இன்றி இடையில் ஒரு நிலையில் நிற்பதை இதற்கு உவமையாகக் கூறுவர். உறைமோர் இட்ட பாத்திரத்தை நடுவில் திறந்து பார்த்த இல்லத்தரசிக்கு இதைவிட விளக்கம் வேண்டா.

இம்மாற்றங்களில் புதிய பொருள் எதுவும் உண்டாவதில்லை. மண் குடமாகும்போது மண் அழிவதில்லை. நிலை மட்டுமே வேறாகிறது. இதுவே ஸத்கார்யவாதம்.

பூதங்கள் தனித்தனியே நின்றால் உலகு அமையாது, அவை கலக்கவேண்டும். அக்கலப்பே பஞ்சீகரணம். ஒவ்வொரு பூதமும் இரண்டாகப் பிளக்கப்பட்டு, ஒரு பாதி தனக்கென நிற்க, மற்றப் பாதி நான்காகி ஏனைய நான்கு பூதங்களுக்கும் செல்கிறது. ஆகவே கையில் எடுக்கும் மண்ணில் மண் பாதியே. நீர், தீ, காற்று, ஆகாயம் ஒவ்வொன்றும் அரைக்கால் பங்கு. சாந்தோக்ய உபநிஷத்து தேஜஸ், நீர், அன்னம் என்னும் மூன்றின் கலப்பையே த்ரிவ்ருத்கரணம் என்று கூறும். ஐந்துக்கும் அதுவே உபலக்ஷணம் என்று கொள்வர்.

வெறும் கணக்காகத் தோன்றும் இதன்மேல் எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் ஒரு பெரிய வாதத்தையே நிறுத்துகிறார். கிளிஞ்சலை வெள்ளி என்று காண்பது பொய்யறிவு அன்றோ, உலகமும் அப்படித் தோன்றும் பொய்யே ஆகலாமே என்பது எதிர்ப்பக்கம். எல்லாப் பொருளிலும் எல்லாப் பூதங்களின் அம்சமும் உண்டாகையால் கிளிஞ்சலில் வெள்ளியின் அம்சமும் சிறிது உண்டு. கண்ணின் குறையால் ஒருவன் மிகுதியான கிளிஞ்சல் அம்சத்தை விட்டு அச்சிறு அம்சத்தை மட்டும் பற்றுகிறான் என்பது ஸமாதானம். குறை நீங்கியபின் மிகுந்த அம்சம் தெரிகிறது. கானல் நீருக்கும் இதே விடை. ஸோமலதை கிடையாதபோது யாகத்தில் பூதீகக் கொடியையும், நெல் இல்லாதபோது நீவாரத்தையும் கொள்ளலாம் என்னும் விதியும் ஒன்றில் மற்றொன்றின் அம்சம் உண்டு என்பதற்குச் சான்றாக வைக்கப்படுகிறது. அறிந்தது குறைவாயிருக்கலாம், இல்லாததை அறிந்ததாகாது. உலகம் மெய் என்னும் ஸித்தாந்தம் இவ்வாறு ஒரு பிடி மண்ணின் கலப்பிலும் வேரூன்றி நிற்கிறது.

வைசேஷிகர் பிளவுபடாத பரமாணுக்களே உலகுக்குக் காரணம் என்பர். பக்கமே இல்லாத பரமாணு மற்றொன்றோடு எப்பக்கத்தால் சேரும், சேர்ந்தாலும் பருமன் எப்படி உண்டாகும் என்று ப்ரஹ்மஸூத்ர பாஷ்யம் மறுக்கிறது. பிளக்கலாகாதது என்னும் பொருளுடைய பெயரை மேனாட்டார் அணுவுக்கு இட்டிருந்தும், 1897இல் தாம்ஸன் எலக்ட்ரானைக் கண்டார். 1911இல் ரதர்போர்டு அணுவின் கருவை அறிவித்தார். இதைக் கொண்டு நம் முன்னோர் இயற்பியலை முன்னமே அறிந்தனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. இன்றைய 118 தனிமங்கள் எடையாலும் சோதனையாலும் பிரித்தவை. ஐம்பூதங்கள் ஒலி, ஊறு, உருவம், சுவை, மணம் என்னும் அனுபவத்தால் பிரித்தவை. கேள்விகளே வேறு.

ஸாங்க்யர் ப்ரக்ருதியைத் தானே இயங்குவதாகக் கொண்டனர். நம் தரிசனத்தில் அது எம்பெருமானுக்குச் சரீரம். அவன் ஸங்கல்பமின்றி ஒரு துரும்பாகவும் மாறாது. சரீரம் என்னும் இச்சொல் எவ்வளவு ஆழமாகச் செல்கிறது என்பதைத் திருவாய்மொழி 10ஆம் பத்தின் 7ஆம் திருவாய்மொழியில் காணலாம். அதன் 8ஆம் பாசுரத்தில், திருமாலிருஞ்சோலை மலை, திருப்பாற்கடல், வைகுந்தம், திருவேங்கடம் ஆகியவற்றோடு ஆழ்வாரின் தலையும் உடலும் ஒரே வரிசையில் எண்ணப்படுகின்றன. அவற்றை விட்டு எம்பெருமான் நொடியும் பிரியான். ஆழ்வார் திருமேனியில் அவன் கொண்ட காதல் அத்தகையது, அதனோடே அவரைக் கொண்டுபோகவும் அவன் விரும்பினான் என்பர் பூர்வர்கள். ஆழ்வார் அஞ்சினார். 10ஆம் பாசுரத்தில், அவன் விரும்பும் அவ்வுடல் இன்னது என்று அவனுக்கே எண்ணிக் காட்டி, அது மங்க இசையுமாறு வேண்டுகிறார். தன்மாத்திரை 5, ஞானேந்திரியம் 5, கர்மேந்திரியம் 5, பூதம் 5, பின் ப்ரக்ருதி, மஹான், அஹங்காரம், மனம். 24இல் ஒன்றும் விடுபடவில்லை.