டச்சு வரைபடத்தில் நம் புதுவை

கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே வரலாறு கூறும் என்று எண்ணுதல் கூடாது. பழைய வரைபடம் ஒன்றும் நாம் நெடுநாள் நம்பி வந்த செய்தியைத் திருத்தக் கூடும். நம் புதுவையின் வரலாற்றில் அவ்வாறே நடந்தது. அதனை இங்குக் காண்போம்.

பதினேழாம் நூற்றாண்டில் வரைபடக் கலையில் தலைசிறந்து விளங்கியவர்கள் ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர்கள். வணிகத்திற்காகக் கடல் கடந்து சென்ற அவர்களுக்குக் கப்பலைப் போலவே வரைபடமும் இன்றியமையாததாயிற்று. செப்புத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சிட்டு, பின் கையால் வண்ணம் தீட்டினர். நகரங்களின் திட்டப்படங்கள் பலவற்றையோ கையாலேயே வரைந்தனர். ஆதலின் அவை மிக அரியவை.

அமெரிக்காவில் டச்சுக்காரர் அமைத்த நகரம் நியூ ஆம்ஸ்டர்டாம். ஜாக் கோர்தலியூ என்னும் நில அளவையாளர் 1660இல் அதனை வீடு, தோட்டம் விடாமல் வரைந்தார். 1664இல் ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றி நியூயார்க் எனப் பெயரிட்டனர். மூலப்படம் மறைந்துவிட்டது, அதன் படி ஒன்று இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் உள்ளது. அப்படத்தில் வட எல்லையில் தோன்றும் மதில் இன்று இல்லை. 'வால் ஸ்ட்ரீட்' என்னும் தெருப் பெயரில் மட்டுமே அது வாழ்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1693இல் டச்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேன் தலைமையிலிருந்த பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைக் கைப்பற்றினர். துணி வணிகம் செழிக்க நெசவாளரும் வணிகரும் குடியேற வேண்டும். அவர்கள் குடியேறத் தெருக்கள் வேண்டும். 1694இல் யாக்கோப் வெர்பெர்க்மூஸ் வரைந்த படத்தில், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் நேரான தெருக்கள் காணப்படுகின்றன. 1697இல் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கையின்படி, 1699இல் நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. அவர்கள் அத்திட்டத்தைத் தொடர்ந்தனர். 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். 1765 முதல் மீண்டும் கட்டியபோதும் பழைய தெரு அமைப்பே பின்பற்றப்பட்டது.

வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் புதுவை செல்லும் நாம், நேரு வீதியும் மிஷன் வீதியும் சந்திக்குமிடத்தில் நின்று, "பிரெஞ்சுக்காரர் எவ்வளவு அழகாகத் திட்டமிட்டனர்!" என்று வியப்பதுண்டு. ஆனால், நெதர்லாந்தில் பாதுகாக்கப்பட்ட டச்சுப் படங்களை ஆராய்ந்த ழான் தெலோஷ் என்னும் பிரெஞ்சு அறிஞர், இத்தெரு அமைப்புக்கு அடிகோலியவர்கள் டச்சுக்காரரே என்று 2004இல் வெளியான தம் நூலில் நிறுவினார். தம் நாட்டின் புகழைவிட உண்மையையே பெரிதென்று கொண்ட அவருடைய நேர்மை, மாணவியராகிய நாம் போற்றத்தக்கது.

ஆறு ஆண்டுகளே இங்கு ஆண்டவர்களின் பணி, ஒரு தாள் அழியாமல் இருந்ததால் அன்றோ வெளிப்பட்டது! நம் பாகூர்ச் செப்பேடும் அத்தகையதே. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விக்கூடத்திற்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதை அது கூறுகிறது. கொடுத்த நிலத்தின் எல்லைகளையும் அது சொற்களால் குறிக்கிறது. அதனைச் சொல்லால் வரைந்த வரைபடம் எனலாம்.

நம் வீட்டுப் பரணிலும் பழைய பத்திரங்களும் வயலின் புலப்படங்களும் இருக்கக் கூடும். அவற்றைப் பழந்தாள் என்று எடைக்குப் போடாமலும், கரையானுக்கு இரையாக்காமலும் காப்போமாக! நம் ஊரின் உண்மை வரலாறு அவற்றிலும் உறங்கக் கூடும்.