கடை நிர்வாகம்: தேயிலைச் சாலையில் ஒரு பாடம்

நம் வியாபாரிகளில் பலர், ‘நிர்வாகம்’ என்பது பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம், நாலு பேர் வேலை பார்க்கும் கடைக்கு அது எதற்கு என்று எண்ணுகிறார்கள். நாலு பேர் உள்ள கடைக்குத்தான் அது அதிகம் வேண்டும் என்பது நம் கருத்து. ஐந்நூறு பேர் உள்ள இடத்தில் ஒருவர் வராவிட்டாலும் வேலை ஓடிவிடும். நாலு பேர் கடையில் ஒருவர் ஊருக்குப் போனால் கால் பங்குக் கடை போயிற்று.

இதை விளங்கிக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. பகாங்கில், கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டினால் கியா பார்ம் சந்தை. காய்கறியும் ஸ்ட்ராபெரியும் வாங்கப் போகிறவர்கள் அருகிலுள்ள சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் போய், ஒரு கோப்பை தேநீர் குடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வியாபாரியாக உள்ளவர் அங்குள்ள தொழிற்சாலையைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. அந்தத் தோட்டம், ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ல் தொடங்கிய போ கம்பெனியைச் சேர்ந்தது. ரஸ்ஸல் 1933-லேயே காலமானார். கம்பெனி இன்றும் நடக்கிறது.

அங்கே நிர்வாகம் செய்வது முதலில் மானேஜர் அல்ல, கொழுந்துதான்! கிள்ளிய கொழுந்து காத்திராது. அன்றைக்கே சாலைக்கு வர வேண்டும். வந்ததும் நிறுத்து, பரப்பி, காற்று விட்டுப் பல மணி நேரம் வாட்டுகிறார்கள். வாடியதை எந்திரத்தில் உருட்டுகிறார்கள். பின்பு காற்றுப் பட்டு நிறம் மாற விடுகிறார்கள். இங்கேதான் சூட்சுமம். நேரம் குறைந்தால் பச்சை வாடை, கூடினால் மணம் போய்விடும். உடனே உலர்த்தி, சலித்து, தரம் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். ஒருவர் தம் வேலையில் அசந்தால் அடுத்தவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் அதைச் சரிசெய்ய இயலாது.

ஆகவே அங்கே இடமும் எந்திரமும் வேலையின் வரிசைப்படி அமைய வேண்டியிருக்கிறது. நம் கடைகளிலோ, சரக்கு இறங்கும் வழியும் வாடிக்கையாளர் வரும் வழியும் ஒன்று. புது அரிசி மூட்டை பழைய மூட்டைக்கு முன்னே நிற்கும். பழையது வண்டு பிடித்த பிறகே கண்ணில் படும். தராசு ஒரு மூலையில், பொட்டலப் பை மறு மூலையில். பையன் ஒரு நாளைக்கு நூறு தடவை நடக்கிறான், நாம் அவனைச் சோம்பேறி என்கிறோம். முந்தி வந்த சரக்கு முந்திப் போகும்படி அடுக்கவும், அடிக்கடி எடுப்பதைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவும் ஒரு காசும் செலவில்லை.

பிரான்சில் சுரங்கக் கம்பெனி நடத்திய ஹென்றி ஃபாயோல் என்பவர் 1916-ல் நிர்வாகத்துக்குப் பதினான்கு விதிகளை வகுத்து வெளியிட்டார். எல்லாம் நமக்கு வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நம் கடைகளுக்கென்றே சொன்னது போலிருக்கிறது: ஒரு சிப்பந்திக்கு ஒரே மேலாள்தான் உத்தரவிட வேண்டும். நம்மிடம் நடப்பதென்ன? காக்கா ‘கிட்டங்கிக்குப் போ’ என்கிறார். மச்சான் ‘கல்லாவைப் பார்’ என்கிறார். மாமு வந்து, ‘இன்னும் டீ வாங்கவில்லையா?’ என்று கோபிக்கிறார். மூவரும் சொந்தக்காரர்கள், மூவருக்கும் உரிமை உண்டு. பையன் யாருக்குப் பயப்படுகிறானோ அவர் வேலை நடக்கும், மற்றது கெடும்.

அதே சமயம், எல்லா அதிகாரமும் ஒரே கையில் சேர்வதும் ஆபத்து. மலாயாத் தோட்டங்களில் பழைய கங்காணி முறையை நினைத்துப் பாருங்கள். அவரே ஊரிலிருந்து ஆள் கொண்டுவருவார், அவரே வேலை வாங்குவார், பல இடங்களில் கடன் கொடுப்பவரும் அவரே. தலைக்காசும் அவருக்கு. கூலியாள் யாரிடம் முறையிடுவான்? 1938-ல் இந்திய அரசாங்கம் உதவிச் செலவில் கூலியாட்களை இங்கே அனுப்புவதைத் தடுத்தது. நம் கடையிலும் சரக்கு வாங்குவது, கல்லா, கணக்கு மூன்றும் ஒருவரிடமே இருக்கலாகாது. அவர் நல்லவராயின் அது இன்னும் மோசம். பங்காளிக்குச் சந்தேகம் தட்டும் நாளில், தம் அமானத்தைக் காட்ட அவரிடம் ஒரு காகிதமும் இராது. எத்தனை கூட்டு வியாபாரங்கள், எத்தனை சம்பந்தி உறவுகள் இப்படி முறிந்தன! கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. அதை ஓதுகிற நாம் பற்று வரவைச் சிகரெட் அட்டையில் குறித்து வைக்கிறோம்.

சிப்பந்திகளின் ஹக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கையில் சேர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். வாரத்துக்கு 48 மணி என்றிருந்த வேலை நேரம் 2023 ஜனவரி முதல் 45 ஆகிவிட்டது. ‘நம் ஊர்ப் பையன், கடையிலேயே படுக்கிறான், இதற்கெல்லாம் கணக்கா?’ என்பது பதிலாகாது. அவன் படுக்குமிடம் கடை என்பதாலேயே, வேலை எப்போது முடிகிறது என்பதை நாம் சொல்லியாக வேண்டும். சிலர் அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டுகிறார்கள். 1966-ம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் அதைக் குற்றமென்கிறது. ஓடிவிடுவான் என்ற பயமிருந்தால், ஏன் ஓட நினைக்கிறான் என்று பார்ப்பதே முதலாளிக்கு அழகு.

ஜும்ஆவுக்கு யார் முந்திப் போவது, யார் அடுத்த வாரம் என்பதை முறை வைத்து எழுதிச் சுவரில் ஒட்டினால் வெள்ளிக்கிழமைச் சச்சரவு பாதி குறையும். ஊருக்குப் போகிறவர் விஷயமும் அப்படியே. டிக்கட் எடுத்த அன்றே, அவர் பார்க்கும் வேலைகளையும், சரக்குக்காரர்களின் பெயரையும், வரவேண்டிய பாக்கியையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைசி இரண்டு வாரம், அவர் இடத்துக்கு வருகிறவர் பக்கத்திலேயே நின்று பார்க்கட்டும். சாவிகளை எண்ணி, இருவரும் நோட்டில் கையெழுத்திட்ட பிறகு வழியனுப்பலாம்.