பாடம் 11: எத்தனை சாத்தனார்!

உங்கள் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்களா? அவர்களை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?

நியூ ஜெர்சியில், எடிசன் நகரில் ஒரு தமிழ் வகுப்பு. அதில் இரண்டு அர்ஜுன் உண்டு. ஒருவன் உயரமானவன். அவன் 'பெரிய அர்ஜுன்'. மற்றவன் 'சின்ன அர்ஜுன்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எத்தனை முறை கூப்பிட்டும் சின்ன அர்ஜுன் பதில் சொல்லவில்லை.

"என்னப்பா, கோபமா?" என்று கேட்டார் ஆசிரியை.

"எனக்கும் ஒன்பது வயசுதான் டீச்சர். நான் மட்டும் ஏன் எப்பவும் சின்ன அர்ஜுன்?"

வகுப்பு அமைதியானது. ஆசிரியை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பலகையில் ஒரு பெயரை எழுதினார்: சாத்தன்.

யார் இந்தச் சாத்தன்?

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டில் சாத்தன் மிகவும் சாதாரணமான பெயர். தெருவில் நின்று "சாத்தா!" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்! பிற்காலத்தில் இலக்கணம் எழுதியவர்களும் எடுத்துக்காட்டு சொல்லும்போது "சாத்தன் வந்தான்" என்றுதான் எழுதினார்கள்.

சங்க காலப் புலவர்களிலும் பல சாத்தனார்கள் இருந்தார்கள். பாட்டு யாருடையது என்று குழப்பம் வரக்கூடாது அல்லவா? அதனால் பெயரோடு ஊர், தொழில், அப்பா பெயர் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தார்கள். இந்தப் பெயர்களைச் சத்தமாகப் படியுங்கள்:

• மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்: கூலம் என்றால் தானியம். இவர் தானிய வியாபாரி. 'மணிமேகலை' என்னும் பெரிய நூலைப் பாடியவர்.

• உறையூர் முதுகண்ணன் சாத்தனார்: ஊர் உறையூர். அது இன்று திருச்சியின் ஒரு பகுதி. முதுகண்ணன் என்பது அப்பாவின் பெயர்.

• பெருந்தலைச் சாத்தனார்: வறுமையில் வாடிய புலவர். உதவி கேட்டுக் குமணன் என்ற மன்னனிடம் போனார். குமணனோ நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருந்தான். குமணனின் தலையைக் கொண்டு வந்தால் பரிசு தருவதாகத் தம்பி அறிவித்திருந்தான். கொடுக்கத் தன்னிடம் வேறு எதுவும் இல்லை என்று குமணன் தன் வாளையே புலவரிடம் நீட்டினான். புலவர் அந்த வாளைக் கொண்டு போய்த் தம்பியிடம் காட்டி, அண்ணனின் பெருமையைப் பாடினார்.

• ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார்: ஊர் ஒன்றே. சாத்தன் ஆண், சாத்தி பெண். ஆம், மாசாத்தியார் ஒரு பெண்புலவர்!

இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்தும் ஒரு குழப்பம் வந்துவிட்டது. சங்க நூல்களிலும் சீத்தலைச் சாத்தனார் பாடிய பாட்டுகள் இருக்கின்றன. அவரேதான் மணிமேகலையையும் பாடினாரா? இல்லை, அவர் வேறு, இவர் வேறு என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

கடல் தாண்டிய சாத்தன்

எகிப்து நாட்டில், செங்கடல் கரையில், குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1978 முதல் 1982 வரை அங்கே தோண்டினார்கள். அப்போது கிடைத்த உடைந்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்துகள் இருந்தன. அவை இரண்டு பெயர்கள்: கண்ணன், சாத்தன்.

அந்தச் சாத்தன் வியாபாரியா, மாலுமியா? ஓட்டில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று தெரிகிறது. ஊரை விட்டு அவ்வளவு தூரம் போன பிறகும், தன் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறான். நீங்களும் அப்படித்தானே எழுதுகிறீர்கள்?

அர்ஜுனுக்கு என்ன பெயர்?

"கிரேக்கக் கதையிலயும் இப்படி உண்டு டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. "டிராய் போர்ல ரெண்டு அயாக்ஸ். ஒருத்தர் தெலமோனோட மகன். இன்னொருத்தர் ஓய்லியஸோட மகன். ஒருத்தரைப் பெரிய அயாக்ஸ்னும் இன்னொருத்தரைச் சின்ன அயாக்ஸ்னும் சொல்வாங்க."

"பாவம், அவரும் என்னை மாதிரிதான்!" என்றான் அர்ஜுன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"அப்போ நாம சாத்தனார் மாதிரி பேர் வைப்போமா?" என்று கேட்டார் ஆசிரியை.

அர்ஜுன் பென்சிலை எடுத்தான். எழுதாமல் நிறுத்தினான். "எந்த ஊரை எழுதறது டீச்சர்? அப்பா ஊரு தஞ்சாவூர். நான் பொறந்தது எடிசன்ல."

"மணிமேகலை பாடினவர் பேர்ல எத்தனை ஊர் இருக்கு, பாரு."

அர்ஜுன் பலகையைப் பார்த்தான். மதுரை ஒன்று. சீத்தலை ஒன்று. "ரெண்டு!"

"சீத்தலை அவர் பொறந்த ஊர்னு சொல்வாங்க. மதுரை அவர் வியாபாரம் செஞ்ச ஊர். ரெண்டுமே அவர் ஊர்தான்."

அர்ஜுன் குனிந்து எழுதினான்: 'தஞ்சாவூர் எடிசன் மிருதங்க அர்ஜுன்'. அன்று அவன்தான் முதலில் கை தூக்கிப் படித்துக் காட்டினான். இன்னொரு அர்ஜுனும் 'பெரிய' என்ற சொல்லை அழித்துவிட்டு, 'கோவை எடிசன் சதுரங்க அர்ஜுன்' என்று எழுதிக்கொண்டான்.

சொல்லும் பொருளும்

கூலம் – தானியம்
வாணிகன் – வியாபாரி
மா – பெரிய, சிறந்த
வறுமை – பணமோ உணவோ இல்லாத நிலை
ஓடு – உடைந்த பானைத் துண்டு

பயிற்சி

1. குமணன் ஏன் தன் வாளைக் கொடுத்தான்?
2. உறையூர் முதுகண்ணன் சாத்தனார்: இதில் ஊர் எது? அப்பா பெயர் எது?
3. அர்ஜுன் எழுதாமல் ஏன் நிறுத்தினான்? நீங்களாக இருந்தால் எந்த ஊரை எழுதுவீர்கள்?
4. ஊர், பிடித்த வேலை, அப்பா அல்லது அம்மா பெயர் சேர்த்து உங்கள் பெயரைப் புலவர் பெயர் போல எழுதுங்கள்.
5. வீட்டில் கேட்டு வாருங்கள்: "எனக்கு ஏன் இந்தப் பேரு வெச்சீங்க? நம்ம குடும்பத்துல வேற யாருக்காவது இதே பேரு இருக்கா?"