நடையை அறியும் படிகம்

இதயமுடுக்கி, அதாவது பேஸ்மேக்கர், பொருத்தப்பெற்றோர்க்கு எழக்கூடிய ஐயங்கள் இரண்டு. கரடுமுரடான சாலையில் பேருந்தில் வெறுமனே அமர்ந்திருக்கும்போதும் நெஞ்சு படபடப்பது ஏன்? சமதரையில் இயல்பாக நடக்க முடிகிறது. மாடிப்படி ஏறினால் மட்டும் இளைப்பது ஏன்? இரண்டுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் கருவியினுள் உள்ள அசைவுணரியே காரணமாவதும் உண்டு.

உடல் நலமுள்ள ஒருவரின் இதயம் ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். உழைப்பு மிகும்போது தானே விரையும். இவ்விரைவைத் தரும் இயற்கைக் கணு நலிவுற்றால் துடிப்பு உழைப்புக்கேற்ப உயராது. 1958ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக உடலுக்குள் பொருத்தப்பட்ட இதயமுடுக்கி ஒரே வேகத்தில் துடிப்பூட்டியது. அமர்ந்திருப்பவருக்கு அது போதும், படியேறுபவருக்குப் போதாது. ஆகவே, நோயாளி நடக்கிறாரா, அமர்ந்திருக்கிறாரா என்பதைக் கருவியே அறியவேண்டிய தேவை எழுந்தது.

இதற்கு உதவியது அழுத்தமின் விளைவு. பெயர் கடினமாயினும் பொருள் எளிது. குவார்ட்சு போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றும். பிரான்சு நாட்டின் ழாக் கியூரி, பியர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவரும் 1880இல் இதனைக் கண்டறிந்தனர். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரைச் சொடுக்கும்போது எழும் பொறி இவ்விளைவால் உண்டாவதே. படிகத்தின்மேல் ஒரு சிறு எடையைப் பொருத்தினால் அதுவே முடுக்கமானி ஆகிவிடும். கூடு அசையும்போது எடை சற்றே பின்தங்கிப் படிகத்தை அழுத்தும். அசைவின் முடுக்கம் எவ்வளவோ அவ்வளவுக்கு மின்னூட்டம் எழும். ஆலைகளில் சுழலும் எந்திரங்களின் அதிர்வையும், மோதல் சோதனைகளில் எழும் திடீர் அதிர்ச்சியையும் அளப்பவை இத்தகைய கருவிகளே.

1980களில் வந்த இதயமுடுக்கிகளில் எடை இல்லை; படிகம் உலோகக் கூட்டின் உட்சுவரிலேயே ஒட்டப்பட்டிருந்தது. கால் தரையில் பதியும்போது எழும் அதிர்வு உடல்வழியே கூட்டை அடைந்து படிகத்தை மிக நுண்ணிய அளவில் வளைக்கும். அதிர்வு மிகுந்தால் கருவி துடிப்பின் வேகத்தை உயர்த்தும். இதயத்திற்குள் கூடுதலாக எந்தக் கம்பியும் செலுத்த வேண்டியதில்லை என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு.

குறையும் அங்கேயே இருந்தது. படிகம் அளப்பது அதிர்வை, உழைப்பை அன்று. படியிறங்கும்போது கால்கள் ஓங்கிப் பதிவதால், ஏறும்போதைவிட இறங்கும்போதே துடிப்பு கூடுதலாக உயர்ந்தது. நிலைமிதிவண்டி மிதிப்பவரின் கால்கள் எவ்வளவு உழைத்தாலும் மார்பு அதிகம் அசைவதில்லை. துடிப்பும் போதிய அளவு உயரவில்லை. கருவியுள்ள பக்கம் அழுந்தப் படுத்தாலும், அதனை விரலால் தட்டினாலும் படிகம் ஏமாந்தது.

பின்னர் வந்த கருவிகளில் முடுக்கமானி கூட்டின் சுவரில் ஒட்டப்படாமல் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில் அமைந்தது. அதனால் வெளி அழுத்தம் அதனை ஏமாற்றுவதில்லை. நடையின் அசைவு நொடிக்குச் சில முறையே நிகழ்வது. வாகன அதிர்வின் பெரும்பகுதி அதனினும் விரைவானது. இவ்வேறுபாட்டைக் கொண்டு இரண்டையும் பெரிதும் பிரித்தறிய முடிகிறது. எனினும் படியேறும் உழைப்பை அசைவைக் கொண்டு மட்டும் அளப்பது இன்றும் அரிதே. மூச்சின் அளவையும் சேர்த்துக் கணிக்கும் கருவிகள் சில இதற்காகவே உள்ளன.

பேருந்துப் பயணத்திற்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட வேண்டா. மருத்துவர் வகுத்த மேல்வரம்பைத் தாண்டி உணரியால் துடிப்பை உயர்த்த இயலாது. இளைப்பை முதுமையின் இயல்பென்று பொறுத்துக்கொள்ளவும் வேண்டா. எவ்வளவு அசைவுக்கு எவ்வளவு வேகம் என்பதை அறுவை சிகிச்சை இன்றி வெளியிலிருந்தே மாற்றியமைக்கலாம். பரிசோதனைக்கு வரும்போது, எச்செயலின்போது, எத்தனை படிகளுக்குப் பின் தொல்லை தோன்றுகிறது என்று குறித்துவந்து கூறுங்கள். திருத்தத்திற்கு அக்குறிப்பே வழிகாட்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்படின் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராது உடனே மருத்துவமனைக்கு வருக.

சிறுநீரகக் கல்லை அதிர்வலைகளால் உடைக்கும் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், இதயமுடுக்கி இருப்பதை முன்னரே தெரிவித்து, கருவியின் அடையாள அட்டையையும் காட்டுங்கள். அவ்வதிர்வை நடையென்று கருவி கொள்ளக்கூடும் என்பதால், அசைவுணரியைச் சிகிச்சைக்கு முன் நிறுத்திவைத்துப் பின்னர் மீண்டும் இயக்குவர்.