ஆங்கிலம் படிப்போம்: "ஏபல்"



இந்த மாதம் ஒரே ஒரு சொல்லைப் படிப்போம். சொல் சின்னதுதான். ஆனால் லீவுக் கடிதத்தில் பிழையாக விழுந்தால் வீண் சிக்கல் வரும்.

"ஏபல்" என்றால் இயலும், முடியும் என்று அர்த்தம். தமிழில் "என்னால் முடியும்" என்கிறோம். ஆங்கிலத்திலோ "நான்" என்றே தொடங்க வேண்டும். "ஏபல்" என்பதற்குப் பிறகு "டு" போட்டு, செய்யும் காரியத்தைச் சொல்ல வேண்டும்.

ஐ ஆம் ஏபல் டு ரீட் – என்னால் வாசிக்க முடியும்.
ஷீ இஸ் ஏபல் டு வர்க் – அவரால் வேலை செய்ய முடியும்.
வீ ஆர் ஏபல் டு கம் – எங்களால் வர முடியும்.

"கேன் என்றாலும் இதே அர்த்தம்தானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சரிதான். ஆனால் நாளைக்கு முடியும் என்று சொல்ல "வில் கேன்" என்று எழுதக் கூடாது. "ஐ வில் பி ஏபல் டு கம்" என்றே எழுத வேண்டும்.

முடியாது என்பதற்கு "அன்ஏபல்". இங்கேதான் கவனம் வேண்டும்.

சில வருசத்துக்கு முன் ஓர் அம்மா கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து கால் சுளுக்கிக்கொண்டார். ஓ.எல். படிக்கும் மகன் கடிதம் எழுதினான்: "மை மதர் இஸ் டிஸேபல்ட்." கேட்கப் போனது மூன்று நாள் லீவு, எழுதியதோ, அம்மா ஊனமாகிவிட்டார் என்று! நல்ல வேளை, ஆபிசில் கொடுக்கும் முன் என்னிடம் காட்டினான். இப்படித் திருத்தினோம்:

மை மதர் இஸ் அன்ஏபல் டு வர்க் ஃப்ரம் மண்டே டு வெட்னஸ்டே – திங்கள் முதல் புதன் வரை அம்மாவால் வேலை செய்ய முடியாது.

எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று கட்டாயம் எழுதுங்கள். டிஸ்பென்சரித் துண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

"டிஸேபல்ட்" என்பது பாரமான சொல். நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய இயலாமல் போனவர், வைத்தியச் சான்றிதழோடு வயதுக்கு முன்பே ஊழியர் சேமலாப நிதியைக் கேட்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் வரும் சொல்லைச் சுளுக்குக்கு எழுதலாமா?

இன்னொன்று. டிஸேபல்ட் என்றால் ஒன்றுக்கும் உதவாதவர் என்று அர்த்தமில்லை. கால் இயலாதவர் பாடம் சொல்லிக் கொடுப்பார்: "ஹீ இஸ் ஏபல் டு டீச்."

பயிற்சி: இவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.
1. என்னால் இன்று வர முடியாது.
2. நாளைக்கு என்னால் வேலை செய்ய முடியும்.

எழுதி எடுத்து வாருங்கள், சேர்ந்து திருத்துவோம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இதை வாசித்துக் காட்டுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

– நலன்புரி உத்தியோகத்தர்