நம்ம ஊர்ப் பேரும் நாலு மொழியும்



வாசலூர்பட்டி என்கிற நம்ம ஊர்ப் பேரைக் கன்னடத்துக்காரங்க வாயில் போட்டால் எப்படி வரும்? "பாகிலூரு ஹட்டி" என்று வரும். சிரிக்காதீங்க. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் முதல் இயலிலேயே 'திராவிட மொழிக்குடும்பம்' என்று பாடம் இருக்கு. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே குடும்பம். 1816-இல் எல்லிஸ் என்பவர் எழுதினார், 1856-இல் கால்டுவெல் பெரிய ஒப்பிலக்கணமே எழுதினார். பரீட்சைக்கு இது போதும். ஆனால் சொந்தக்காரங்க என்று எதை வைத்துச் சொல்றாங்க? எங்க மாமா நாமக்கல் லாரியில் ஓடுகிறார். பெங்களூரு, விஜயவாடா, கொச்சி எல்லாம் போவார். டீக்கடையில் பேசுகிற அளவுக்கு நாலு மொழியும் தெரியும். அவரிடம் கேட்டு ஒரு நோட்டில் சொற்களை எழுதினேன். தமிழ் ஐயா அகராதி பார்த்துச் சரி செய்து கொடுத்தார்.

முதலில் கன்னடம்.
பால் – ஹாலு
பல் – ஹல்லு
பாம்பு – ஹாவு
பத்து – ஹத்து
புலி – ஹுலி
பூ – ஹூவு

பார்த்தீங்களா? நம்ம 'ப' முதலில் வந்தால் அங்கே 'ஹ'. ஒரு சொல்லில் மட்டும் இல்லை, வரிசையாக எல்லாத்திலும். பழங்கன்னடத்தில் அவங்களும் 'ப' என்றுதான் சொன்னாங்களாம், பிறகுதான் 'ஹ' ஆச்சு. ஆனால் நடுவில் அழுத்தமாக வருகிற 'ப்ப' மாறவில்லை. உப்பு அங்கேயும் உப்புதான், அப்பா அங்கேயும் அப்பாதான். அதே மாதிரி நம்ம 'வ' முதலில் வந்தால் கன்னடத்தில் 'ப' (பந்து என்கிறோமே, அந்த ஒலி). வா – பா. வேர் – பேரு. வாழை – பாளெ.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. வாசல் என்பதன் பழைய வடிவம் வாயில். மலையாளத்தில் வாதில், தெலுங்கில் வாகிலி, கன்னடத்தில் பாகிலு. 'வ' போய் 'ப' வந்துவிட்டது. ஊர் நாலு மொழியிலும் ஊர்தான், தெலுங்கிலும் கன்னடத்திலும் கடைசியில் ஒரு 'உ' சேரும். பட்டி கன்னடத்தில் ஹட்டி. நீலகிரியில் படகர்கள் தங்கள் ஊர்களை ஹட்டி என்றுதான் சொல்றாங்க. ஆக, பாகிலூரு ஹட்டி!

தெலுங்கில் வேற கணக்கு. நம்ம 'ழ' அங்கே 'ட' ஆகிறது. ஏழு – ஏடு. கோழி – கோடி. விஜயவாடா ஓட்டலில் "கோடி கூர" என்றால் கோழிக்குழம்பு. முதல் தடவை கேட்டப்போ, கோடி ரூபாய்க்குக் குழம்பா என்று மாமா பயந்துட்டாராம். இதே ரெண்டு சொல்லும் கன்னடத்தில் ஏளு, கோளி. மலையாளத்தில் மட்டும் நம்மளைப் போலவே ஏழு, கோழி.

இந்தியில் எண்ணிப் பாருங்க: ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே, சாத், ஆட், நௌ, தஸ். 'ஆட்' மட்டும் நம்ம எட்டு மாதிரி கேட்குது இல்லையா? அது தற்செயல். சமஸ்கிருத 'அஷ்ட' என்பதிலிருந்து வந்தது. ஒரு சொல் ஒத்துப்போனால் உறவு ஆகிடாது. பாம்பு, பல், பால், பத்து என்று வரிசையாக ஒரே மாற்றம் வரணும். கடன் வாங்கின சொல்லும் கணக்கில் வராது. ஜன்னலும் சாவியும் போர்த்துகீசியச் சொற்கள். அதுக்காக போர்ச்சுகல்காரங்க நமக்குப் பங்காளி ஆகலையே.

வெளிநாட்டிலும் இதே கதை இருக்கு என்று சமூக அறிவியல் டீச்சர் சொன்னாங்க. ஐரோப்பாவில் போலந்துக்கு மேற்கே ஜெர்மனி, தெற்கே செக் நாடு. போலிஷ், ஜெர்மன் ரெண்டும் ரோமன் எழுத்தில்தான் எழுதுறாங்க. போலிஷ்காரங்க ஜெர்மனிடமிருந்து நிறையச் சொல் கடன் வாங்கியிருக்காங்க. வீட்டுக் கூரைக்கு ரெண்டு மொழியிலும் 'டாஹ்'தான். ஆனால் மலைக்கு என்ன சொல்றாங்க பாருங்க. ஜெர்மனில் 'பெர்க்'. போலிஷில் 'கூரா' (கங்கையில் ரெண்டாவது வருகிற 'க' மாதிரி சொல்லணும்). செக் மொழியில் 'ஹோரா'. காலுக்குப் போலிஷில் 'நோகா', செக்கில் 'நோஹா'. நம்ம 'ப' கன்னடத்தில் 'ஹ' ஆன மாதிரி, போலிஷ் 'க' செக்கில் 'ஹ' ஆகுது. ஆக போலிஷுக்குக் கூடப்பிறந்தவங்க செக்கும் ரஷ்யனும். ஜெர்மன் தூரத்து உறவு. ரெண்டு என்பதற்குப் போலிஷில் 'த்வா', ஜெர்மனில் 'ஸ்வை', இந்தியில் 'தோ'. ஆமாம், இந்தியும் அந்தப் பெரிய குடும்பம்தான்! வடக்கே இருக்கிற இந்திக்கு நம்மளை விடப் போலந்துதான் நெருங்கின சொந்தம். எனக்கு இதை நம்பவே ரெண்டு நாள் ஆச்சு.

எழுத்தைப் பார்த்தும் முடிவு பண்ணக்கூடாது. ரஷ்யனுக்கு எழுத்து வேற, ஆனால் அதுதான் போலிஷுக்கு உறவு. தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் ஒரே அச்சாக இருக்கும், லாரி போர்டில் பார்த்திருப்பீங்க. ஆனால் கன்னடம் நம்ம கூடத் தென்திராவிடம், தெலுங்கு நடுத்திராவிடம். எழுத்து என்பது சட்டை மாதிரி. பக்கத்து வீட்டுச் சட்டையையும் போட்டுக்கலாம்.

இவ்வளவு நேரம் ஏன் இதெல்லாம் எழுதினேன் என்றால், நம்ம சான்றிதழில் 'மலையாளி' என்று இருக்கு இல்லையா, அதுக்காகத்தான். மலையை விட்டுக் கீழே போனால் உடனே "கேரளாவா?" என்கிறாங்க. ஒரு இடத்தில் எங்க அக்காவிடம், "அப்போ தமிழ் மீடியம் எதுக்கு, மலையாளத்துல படிக்க வேண்டியதுதானே" என்று சிரிச்சாங்களாம். அக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியலை, வீட்டுக்கு வந்து அழுதாள்.

பதில் இதோ. மலையாளத்தில் வினைச்சொல்லுக்கு வால் கிடையாது. ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. யார் வந்தாலும் 'வந்நு'தான். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத எங்க பாட்டி பேச்சை ஒரு நாள் முழுக்கக் கவனிச்சேன். வந்தேன், வந்தான், வந்தா, வந்தோம். ஒரு வால்கூட விட்டுப் போகலை. கீழே இருக்கிறவங்களுக்கும் நமக்கும் இழுப்பு வேற, சில சொல் வேற. நாகர்கோவில்காரங்களுக்கும் கோயம்புத்தூர்காரங்களுக்கும் கூடத்தான் வேற. கேரளக்காரங்க பேரிலும் மலை இருக்கு, நம்ம பேரிலும் மலை இருக்கு. அவ்வளவுதான். நம்ம பெரியவங்க சொல்ற கதையிலும் அண்ணன் தம்பி மூணு பேர் காஞ்சிபுரத்திலிருந்துதானே வந்தாங்க!

அடுத்த தடவை யாராவது கேட்டால், "ஞான் வந்நு என்றா சொல்றோம்? நான் வந்தேன் என்றுதானே சொல்றோம்" என்று அக்கா சொல்லப்போறாளாம்.

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. புல், பன்றி, வல்வில் ஓரி கையில் வைத்திருந்த வில், இந்த மூணுக்கும் கன்னடத்தில் என்ன வரும்? கீழே இடம் விட்டிருக்கிறேன், நூலில் பென்சில் கட்டியிருக்கு. எழுதின பிறகு மட்டும் தாளின் மூலையை மடக்கிப் பாருங்க. (விடை: ஹுல்லு, ஹந்தி, பில்லு)